இணையத் திரையில் ஈகை

பிறர் படுந் துயரைக் கண்டு மனமிரங்குவது மனிதருக்குப் பழகிய குணம். அத்துயரைப் படம்பிடித்து, ஒரு கிழமைக்குள்ளே பத்துக் கோடி முறை உலகத்தார் கண்முன் ஓடச் செய்வது இந்த நூற்றாண்டிலே கைவந்த வித்தை. இவ்வித்தை தோன்றிய நாள்முதல் ஈகையைப் பற்றிய வாதங்களும் ஓய்ந்தபாடில்லை. கொடுப்பவன் புகழுக்காகக் கொடுக்கிறான் என்று ஒரு சாரார் குறைகூறுவர். புகழுக்காகவேனும் கொடுக்கிறானே, நீர் என்ன கொடுத்தீர் என்று மறுசாரார் திருப்பிக் கேட்பர். இரு சாராரும் கொடுப்பவன் முகத்தையே நோக்கி நின்று வழக்காடுகின்றனர். யாருடைய துயர் படமாக்கப்பட்டதோ அவர் அப்படத்தைப் பார்த்தாரா, பார்த்தபோது என்ன சொன்னார் என்ற கேள்வி அருகியே எழுகின்றது. அக்கேள்விக்கு வெளிப்படையாக விடை கிடைத்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அது 2012ஆம் ஆண்டிலே உகண்டா நாட்டில் நிகழ்ந்தது. அதனை விளங்கிக்கொள்வதற்கு முன்கதையைச் சிறிது அறிதல் வேண்டும்.

1986இல் யொவேரி முசேவேனி ஆயுதபலத்தால் உகண்டாவின் ஆட்சியைக் கைப்பற்றினார். தோல்வியுற்ற படையிலே நாட்டின் வடபகுதியைச் சேர்ந்த அச்சோலி மக்கள் பலர் இருந்தனர். அம்மக்கள் மத்தியிலிருந்து எழுந்த கிளர்ச்சிகளுள் ஒன்று, 1987 அளவில் யோசப் கோனி என்பவர் தலைமையில் உருவாகியது. தன்னைக் கர்த்தரின் எதிர்ப்புப் படை என்று அது அழைத்துக்கொண்டது. கர்த்தரின் பெயரைச் சொன்ன அப்படை, மக்களின் ஆதரவு குன்றியபோது, எந்த மக்களுக்காகப் போராடுவதாகக் கூறியதோ அந்த மக்களின் பிள்ளைகளையே கடத்தத் தொடங்கியது. ஆண்பிள்ளைகளின் கையில் துப்பாக்கி திணிக்கப்பட்டது. பெண்பிள்ளைகள் தளபதிகளுக்கு மனைவியராகப் பங்கிடப்பட்டனர். சொந்த ஊரவரையும் உறவினரையும் கொல்லுமாறு பிள்ளைகள் ஏவப்பட்டதும் உண்டு. அதன்பின் வீடு திரும்பும் எண்ணம் அவர்களுக்கு எழமாட்டாது என்பது தளபதிகளின் கணக்கு.

அரசாங்கம் செய்ததும் மெச்சத்தக்கதன்று. கிராமத்தவரைக் காணி பூமியிலிருந்து பெயர்த்து அது முகாம்களில் அடைத்தது. ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 18 இலட்சம் பேர் அவ்வாறு முகாம்களில் வாழ்ந்தனர். நோயினாலும் பட்டினியாலும் அங்கே மாண்டவர் அநேகர். 2003, 2004ஆம் ஆண்டுகளிலே மாலை மங்கும் வேளையில், பல்லாயிரம் சிறுவர் போர்வையைத் தோளிலிட்டுக்கொண்டு கிராமங்களிலிருந்து குலு முதலிய நகரங்களை நோக்கி நடப்பர். தேவாலய முற்றத்திலும் பேருந்து நிலையத்திலும் கடை விறாந்தைகளிலும் இரவைக் கழித்து, விடிந்ததும் வீட்டுக்குத் திரும்புவர். இரவில் வீட்டில் உறங்கினால் கடத்தப்படுவோம் என்ற அச்சமே அந்த நடைக்குக் காரணம்.

இக்காட்சியைக் கண்டு உள்ளம் உருகியவர்களுள், கலிபோர்ணியாவிலிருந்து படம்பிடிக்கும் ஆர்வத்தோடு 2003இல் அங்கே சென்ற மூன்று அமெரிக்க இளைஞரும் இருந்தனர். ஊர் திரும்பிய அவர்கள் அடுத்த ஆண்டிலே 'இன்விசிபிள் சில்ட்ரன்', அதாவது காணப்படாத பிள்ளைகள் என்ற பெயரில் ஒரு தரும ஸ்தாபனத்தை அமைத்தனர். பாடசாலைகளிலும் தேவாலயங்களிலும் படங்காட்டினர். வாஷிங்டன் நகரத்து அரசியலாளரின் வாசலிலும் நின்றனர். இவர்களோடு வேறு பலரும் முயன்றதன் பயனாக, 2010 மே மாதத்தில் ஜனாதிபதி ஒபாமா இக்கிளர்ச்சிப் படையை அடக்குவது பற்றிய சட்டமொன்றிலே கையொப்பமிட்டார். 2011 அக்டோபரில் ஏறக்குறைய 100 அமெரிக்கப் படை ஆலோசகர் மத்திய ஆபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். இவை யாவும் உலகம் அறிந்த அந்தப் படம் வெளிவருவதற்கு முன்பே நடந்து முடிந்த செய்திகள் என்பது கவனிக்கத்தக்கது.

2012 மார்ச்சு 5ஆந் திகதி 'கோனி 2012' என்ற படம் இணையத்தில் வெளியாயிற்று. அரை மணி நேரம் ஓடும் இப்படத்தின் இயக்குநர், ஸ்தாபகர் மூவருள் ஒருவரான ஜேசன் ரசல். கோனி என்ற தீயவர் யார் என்பதைத் தம் சின்னஞ்சிறு மகனுக்கு அவர் எடுத்துச் சொல்வதாகப் படத்தின் போக்கு அமைந்திருந்தது. கோனியின் பெயரை உலகறியச் செய்தால் உலகம் அவரைப் பிடிக்கும் என்பதே படம் முன்வைத்த வாதம். பார்த்தவர்கள் அதனைப் பிறருக்கு அனுப்பவேண்டும்; 20 பிரபலஸ்தருக்கும் 12 அரசியலாளருக்கும் வேண்டுகோள் விடுக்கவேண்டும்; 30 டொலருக்குக் கைவளையமும் சுவரொட்டியும் அடங்கிய பொதியை வாங்கவேண்டும்; ஏப்ரில் 20ஆந் திகதி இரவு ஊர்தோறும் சுவரொட்டிகளை ஒட்டவேண்டும். ஆறே நாளில் அப்படம் பத்துக் கோடி முறை பார்க்கப்பட்டது. அதுவரை எந்த இணையப் படமும் அத்தனை விரைவாகப் பரவியதில்லை.

கண்டனமும் அதே வேகத்தில் வந்தது. கோனியின் படை 2006 அளவிலேயே உகண்டாவை விட்டு அகன்று, கொங்கோ முதலிய அயல்நாட்டுக் காடுகளுக்குச் சென்றுவிட்டது. இரவு நடைப் பிள்ளைகள் வீடு திரும்பிப் பல ஆண்டுகளாயின. இதனைப் படம் ஒரு வரியிலே சொல்லிக் கடந்துவிட்டமையால், உகண்டாவில் அன்றும் போர் நடக்கிறது என்றே பார்த்தவர் பலர் நம்பினர். உகண்டாவின் பிரதம மந்திரியாயிருந்த அமாமா ம்பபாசி, கோனி தம் நாட்டில் இல்லை என்று சொல்வதற்காகத் தாமும் யூடியூபிலே தோன்றவேண்டியதாயிற்று! ஒரு நாட்டின் பிரதம மந்திரி தம் நாட்டு நிலைமையை வெளிநாட்டு வாலிபருக்கு இவ்வாறு விளக்க நேர்ந்தது வேடிக்கையாகத் தோன்றலாம். எனினும் அவருடைய அரசாங்கத்துக்கு அப்படத்தால் வந்த ஆதாயமும் சிறிதன்று. கோனியைப் பிடிக்க உகண்டா இராணுவத்துக்கு உதவுமாறு படம் வேண்டியது. அதே இராணுவத்தின் மீது வடபகுதி மக்கள் கூறிய குற்றச்சாட்டுகளைப் பற்றி மௌனஞ் சாதித்தது.

பணக் கணக்கும் சந்திக்கு வந்தது. ஸ்தாபனம் தானே வெளியிட்ட கணக்கின்படி, செலவில் ஏறக்குறைய 37 வீதமே மத்திய ஆபிரிக்காவில் நடக்கும் வேலைகளுக்குச் சென்றது. விழிப்பூட்டும் பிரசாரத்துக்கு அதனிலும் கூடுதலான பங்கு சென்றது. பிரசாரமே எங்கள் பணி என்று ஸ்தாபனத்தார் விடையிறுத்தனர். அவ்விடையில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் 30 டொலர் அனுப்பிய பள்ளி மாணவன் அப்படி எண்ணி அனுப்பியிருப்பானா என்பது வேறு கேள்வி. நைஜீரிய வம்சத்து அமெரிக்க எழுத்தாளரான டேஜு கோல், ஆபிரிக்காவைக் காப்பாற்றுவது வெள்ளையருக்கு ஓர் உணர்ச்சி அனுபவமாகிவிட்டது என்று கடுஞ்சொற்களால் ருவிற்றரில் எழுதினார். உகண்டாவின் பத்திரிகையாளர் ரோஸ்பெல் ககுமிரே, கோபம் கலவாத குரலில், தம் நாட்டவரைத் தமக்கென்று குரலில்லாதவராய்க் காட்டும் கதைகளைப் பற்றிப் பேசித் தாமும் ஒரு படம் வெளியிட்டார். அதனைப் பார்த்தவர் தொகை மூலப்படத்தைப் பார்த்தவர் தொகையில் ஒரு துளி.

இனி, லீரா நகரத்துச் சம்பவம். லீரா வடஉகண்டாவிலுள்ள ஓர் ஊர். அதன் அண்மையிலுள்ள பார்லொன்யோ முகாமிலே, 2004 பெப்ரவரியில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் கோனியின் படையினரால் கொல்லப்பட்டனர். உலகமே பார்த்த படத்தை அவ்வூரவர் பார்த்திருக்கவில்லை. அவர்களிடம் இணைய வசதி இல்லை. தங்களைப் பற்றிய படம் என்று வானொலியிலும் வாய்மொழியிலும் கேள்வியுற்றனர். பாதிக்கப்பட்டோருக்காகப் பணிபுரியும் உள்ளூர் ஸ்தாபனமொன்று, மார்ச்சு 13ஆந் திகதி மாலை ஒரு பூங்காவிலே திரை கட்டி அதனைக் காண்பிக்க ஏற்பாடு செய்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். சிலர் நெடுந்தூரம் வந்திருந்தனர்.

படம் தொடங்கியது. அமெரிக்கத் தந்தையும் மகனும் திரையில் தோன்றினர். கூட்டத்தார் பொறுத்திருந்தனர். தம் ஊர் எப்போது வரும், தம் கதை எப்போது வரும் என்று காத்திருந்தனர். வந்தவையோ பெரும்பாலும் அமெரிக்கக் கூட்டங்கள், அமெரிக்க வாலிபர், கோனியின் பெயர் பொறித்த சட்டைகளும் கைவளையங்களும். முணுமுணுப்பு எழுந்தது, முணுமுணுப்புக் கூச்சலாயிற்று, முடிவில் கல்லும் பறந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, பறித்தவன் பெயரைச் சட்டையில் அணிவது எந்த நோக்கத்தோடாயினும் சகிக்கமுடியாத காட்சி. செப்டெம்பர் 11ஆந் திகதித் தாக்குதலுக்குப் பின்னர் ஒசாமா பின் லாடனின் பெயரோடு பொருள்களை அமெரிக்காவில் விற்றாற்போல இருக்கிறது என்ற கருத்தில் ஒரு பெண்மணி செய்தியாளரிடம் பேசினார். ஏனைய ஊர்களில் படத்தைக் காட்டும் ஏற்பாடுகளை அந்த உள்ளூர் ஸ்தாபனம் நிறுத்திவைத்தது.

படத்தை எடுத்தவர் வஞ்சகர் அல்லர். ஒன்பது ஆண்டுகள் அந்த மண்ணோடு தொடர்பு வைத்திருந்தவர்கள், பாடசாலைகளுக்கு உதவியவர்கள். ஆயினும் படத்தை அமைத்தபோது அவர்கள் மனக்கண்முன் இருந்த சபை அமெரிக்கச் சபை. லீராவின் மக்கள் படத்திலே வரும் பொருளாக இருந்தார்களேயன்றி, படத்தைப் பார்க்கும் மனிதராக எண்ணப்படவில்லை. கொடுப்பவன் புகழை விரும்பினான், விரும்பவில்லை என்ற விசாரணையைக் காட்டிலும் இதுவே பாரதூரமான குறை. பாத்திரமறிந்து பிச்சையிடு என்று கொடுப்பவனுக்குப் புத்தி சொன்ன தமிழ்ப் பழமொழியும், வாங்குபவன் இடுபவனை அறியவேண்டுமென்று சொல்லிவைக்கவில்லை.

சுவரொட்டி ஒட்டவேண்டிய ஏப்ரில் 20ஆந் திகதி வந்தது. நகரங்களிலே திரண்டவர் மிகச் சிலர். அதற்கு முன்பே ஸ்தாபனத்தார் இரண்டாவது படமொன்றை வெளியிட்டிருந்தனர். அதிலே ஆபிரிக்கரின் குரல் கூடுதலாக ஒலித்தது, விபரங்களும் திருத்தமாயிருந்தன. அதனைப் பார்க்கத்தான் ஆளில்லை.

கடத்தப்பட்ட பிள்ளைகளை வீட்டுக்கு அழைக்க வேறொரு கருவியும் உண்டு என்பதை வானொலி நேயர்கள் அறிந்தால் மகிழ்வர். 2002இல் பிரித்தானிய உதவியோடு குலு நகரிலே 'மெகா எப்.எம்.' என்னும் வானொலி நிலையம் தொடங்கியது. வீடு திரும்பு என்ற கருத்துடைய பெயரோடு அச்சோலி மொழியிலே ஒரு நிகழ்ச்சி அங்கிருந்து ஒலிபரப்பாயிற்று. காட்டிலிருந்து தப்பிவந்தவர்கள் ஒலிவாங்கியின் முன்னமர்ந்து, தாம் உயிரோடிருப்பதையும், 2000ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்படாததையும் தம் வாயாற் சொன்னார்கள். பெற்றோர் பிள்ளைகளைப் பெயர்சொல்லி அழைத்தார்கள். வானொலி கேட்கலாகாது என்று தளபதிகள் தடைவிதிக்கும் அளவுக்கு அந்நிகழ்ச்சி காட்டுக்குள்ளே வேலைசெய்தது. துயருற்றவரே பேசினர், அவருடைய பிள்ளைகளே கேட்டனர். இன்விசிபிள் சில்ட்ரன் ஸ்தாபனமும், பெரிய படத்தின் ஆரவாரத்துக்கு அப்பால், கொங்கோவின் ஒதுக்குக் கிராமங்களிலே தாக்குதல் பற்றி ஒன்றுக்கொன்று எச்சரித்துக்கொள்ளும் வானொலிக் கருவிகளை நிறுவ உதவியது. அவ்வேலையை எவரும் பத்துக் கோடி முறை பார்க்கவில்லை.

இணைய ஈகை யாவும் நுரைதான் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. 2014ஆம் ஆண்டுக் கோடையிலே தலையில் பனிநீர் கொட்டிக்கொள்ளும் விளையாட்டு உலகைச் சுற்றியது. அறிஞர் பலர் அதனை எள்ளினர். ஆயினும் தசைகளை இயக்கும் நரம்புகள் பட்டுப்போகும் ஏ.எல்.எஸ். என்னும் நோய்க்காக, அமெரிக்கச் சங்கமொன்றுக்குச் சில கிழமைகளில் 11 கோடி 50 இலட்சம் டொலர் சேர்ந்தது. அப்பணத்தின் ஒரு பகுதி உதவிய ஆராய்ச்சியொன்று, நோயோடு தொடர்புடைய மரபணுவொன்றை 2016இல் இனங்கண்டது. அந்த விளையாட்டைப் பரப்புவதில் முன்னின்றவர்களுள் அந்நோயாற் பீடிக்கப்பட்ட இளைஞரே இருந்தனர் என்பது மறக்கற்பாலதன்று.

இவற்றின் பின்னர் இணைய ஈகை வேறொரு வடிவெடுத்தது. முன்னைய படங்கள் பார்ப்பவரிடம் பணங் கேட்டன. புதிய படங்களில் பார்ப்பதே பணமாகிறது. யூடியூபிலே நீண்ட படங்களோடு வரும் விளம்பர வருமானத்தில் 55 வீதம் படம் வெளியிடுபவருக்குச் செல்லும். பெரிய தொகையைத் தானஞ் செய்து படமெடுத்தால், கோடிக்கணக்கானோர் பார்ப்பர். வரும் வருமானத்தால் அதனிலும் பெரிய தானத்தைப் படமெடுக்கலாம். இம்முறையிலே தலைசிறந்தவர், மிஸ்டர் பீஸ்ட் என்ற பெயரால் அறியப்படும் அமெரிக்க இளைஞர் ஜிம்மி டொனால்ட்சன்.

2023 சனவரியில் அவர், பார்வையிழந்த 1000 பேருக்குச் சத்திரசிகிச்சை செய்வித்த படத்தை வெளியிட்டார். கண்ணின் வில்லை மங்கிவிடும் கண்புரை நோய் அவர்களைப் பீடித்திருந்தது. மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையை வைக்கும் சிகிச்சைக்குப் பத்து நிமிடமளவே செல்லும். உலகிலே 9 கோடி 40 இலட்சம் பேர் கண்புரையாற் பார்வை குன்றியிருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணித்துள்ளது. கட்டவிழ்த்ததும் மலரும் முகங்களைப் படம் காட்டியது. உடனே வாக்குவாதம் மூண்டது. ஏழையின் கண்ணீர் விற்பனைப் பண்டமாயிற்று என்றனர் சிலர். குருடு என்பதைத் திருத்தவேண்டிய பழுதாக மட்டுமே படம் கருதுகிறது என்று அங்கவீனர் உரிமைக்காகப் பேசுவோர் வருந்தினர். டொனால்ட்சனோ, தீர்க்கக்கூடிய குருடு ஏன் நீடிக்கவேண்டும், அரசாங்கங்கள் ஏன் முன்வருவதில்லை என்ற கேள்வியை எழுப்பினார்.

பார்வை பெற்ற ஆயிரம் பேரைக் கேட்டால், படம்பிடித்ததற்காகச் சிகிச்சை வேண்டாமென்று எத்தனை பேர் சொல்வர்? அவருள் ஒருவரும் இழக்க விரும்பாத கொடை அது. ஆனால் கண்ணில் ஒளி வேண்டி நிற்பவரிடம், ஒளிப்படக் கருவியின் முன்னே உமது சம்மதமா என்று கேட்டால், இல்லை என்று சொல்லும் சுதந்திரம் அவருக்கு எவ்வளவு இருக்கும் என்பதையும் எண்ணவேண்டும். இந்தக் கொடைக்கு ஒரு சிறப்புண்டு. சிகிச்சை முடிந்தபின் படமெடுப்பவர் போய்விட்டாலும் பார்வை போய்விடாது.

கிணறு அத்தகையதன்று. அதே ஆண்டு நவம்பரில் டொனால்ட்சன், கென்யா, கமரூன், சோமாலியா, சிம்பாப்வே, உகண்டா ஆகிய நாடுகளிலே 100 கிணறுகள் அமைத்த படத்தை வெளியிட்டார். அரசாங்கம் செய்யவேண்டியதை அந்நியர் ஒருவர் வந்து செய்யும் நிலைமை தங்களுக்கு வெட்கம் என்று கென்யாவில் பலர் தம் ஆட்சியாளரைச் சாடினர். ஆபிரிக்கா கையேந்தி நிற்கிறது என்ற பழைய சித்திரத்தையே படம் மீண்டும் தீட்டுகிறது என்று அரசியலாளர் சிலர் படத்தைச் சாடினர். முன்னவரின் கோபம் நியாயமானது. பின்னவர், வாக்களித்த மக்களுக்குத் தாம் எத்தனை கிணறு வெட்டினர் என்பதையும் உடன் சொல்லியிருக்கலாம். ஆபிரிக்கக் கிராமங்களின் கைப்பம்புகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று எந்நேரமும் பழுதாய்க் கிடக்கிறது என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். வளையம் தேயும், குழாய் துருப்பிடிக்கும், மாற்றுறுப்பு வாங்கப் பணமும் திருத்தத் தெரிந்த ஆளும் வேண்டும். ஐந்தாம் ஆண்டிலே நடக்கும் அந்தத் திருத்த வேலையைப் படமெடுத்தால் பார்ப்பார் யார்?

அந்த ஐந்தாம் ஆண்டு நிலைமையில்தான் இன்று வடஉகண்டாவின் மக்களும் இருக்கின்றனர். அமெரிக்கப் படை ஆலோசகர் 2017இல் திரும்பிவிட்டனர். கோனி பிடிபடவில்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2005இலேயே அவருக்குப் பிடியாணை பிறப்பித்திருந்தது. 2025 நவம்பரில், அவர் சமுகமளிக்காமலே, 39 குற்றச்சாட்டுகளை உறுதிசெய்தது. ஆள் கையில் அகப்படாமல் விளக்கம் தொடங்க இயலாது.

அவருடைய தளபதிகளுள் ஒருவரான டொமினிக் ஒங்வென் 2015இல் அகப்பட்டார். இவரே சிறுவயதில் பாடசாலைக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டவர். 2021இல் அவருக்கு 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பஜூலே, ஒடெக், லுகொடி, அபொக் என்னும் முகாம்களைத் தாக்கியமை, பெண்களையும் சிறுவரையும் அடிமைப்படுத்தியமை முதலிய குற்றங்களுக்காக, பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்குமாறு 2024 பெப்ரவரியில் நீதிபதிகள் கட்டளையிட்டனர். உரியவர் ஏறக்குறைய 49,772 பேர் என்று கணிக்கப்பட்டது. ஆளொருவருக்கு அடையாளமாக 750 யூரோவும், அதன்மேல் உடலுக்கும் உள்ளத்துக்குமான சிகிச்சைகளும் வழங்கவேண்டும். மொத்தம் 5 கோடி 24 இலட்சம் யூரோவுக்கு மேல்.

ஒங்வென் கையில் பணமில்லை. நீதிமன்றத்தோடு இணைந்த பாதிக்கப்பட்டோர் நிதியத்திடமும் அத்துணைப் பெருந்தொகை இருக்கவில்லை. ஆதலால் அரசாங்கங்களிடமும் ஸ்தாபனங்களிடமும் தனியாரிடமும் நன்கொடை திரட்டுமாறும், உடனடி உதவி வேண்டி நிற்போரை முதலிற் கவனிக்குமாறும் நிதியம் பணிக்கப்பட்டது.